கடலை தின்றவளின் எடை

கண்ணாடிக்காரிக்கு எடை எண்பத்து நாலு கிலோ. இதை ஊருக்கே தெரியும்படி சொன்னது அவள் அல்ல, சூப்பர்வைசர். ஒரு திங்கட்கிழமை காலையில், இருபது மாடிக் கட்டடத்தின் பின்வாசலில், அவளோடு சேர்த்துக் கண்ணாடி துடைக்கிற பத்துப் பேரை நிற்க வைத்து அவர் வாசித்தார். புது விதியாம். தொட்டிலில் ஏறுகிற ஒவ்வொருவரும் எண்பது கிலோவுக்குள் இருக்க வேண்டுமாம். ஆறு வாரம் அவகாசம். குறையாதவர்கள் அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தைக் கூட்டப் போகலாம்.

தொட்டில் என்றால் பிள்ளை தூங்குகிற தொட்டில் இல்லை. மொட்டை மாடியிலிருந்து இரண்டு கம்பிவடங்களில் தொங்குகிற நீள இரும்புப் பெட்டி. அதில் இரண்டு பேர் நின்றுகொண்டு வெளிக் கண்ணாடியைத் துடைத்தபடியே மேலும் கீழும் போவார்கள். எட்டு வருஷமாக அதுதான் அவள் இடம். கீழே ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லட்டும், ஐந்தாவது மாடியைத் தாண்டினால் ஒரு சொல்லும் காதில் விழாது. அந்த இடத்தையா பிடுங்குவது? அன்றைக்கு அவள் வயிறு எரிந்த எரிச்சலுக்கு இரண்டு கிலோ அப்போதே கரைந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டவள் தங்கச்சி. அவளும் இதே வீட்டில்தான் இருக்கிறாள், இதே கட்டடத்தில்தான் வேலையும். பதினோராவது மாடியில், காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. போனில் எதையாவது படித்துவிட்டு அதை உலகத்துக்கே சட்டமாகப் போடுகிற ஜாதி.

"இனிமே காலையில வெள்ளரிக்காய், மத்தியானம் சூப்பு, ராத்திரி வெந்நீர். அவ்வளவுதான்க்கா."

"இதுக்கு என்னைப் பட்டினி போட்டே கொன்னுடேன்டி," என்றாள் அவள். ஆனாலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான்கு நாள் இருந்தாள்.

ஐந்தாம் நாள் பதினான்காவது மாடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த வைப்பர் நழுவியது. அது மணிக்கட்டில் கட்டியிருந்ததால் தொங்கியது, இல்லாவிட்டால் கீழே யார் மண்டையோ போயிருக்கும். கூட நின்ற ஒட்டகம் அவளுடைய இடுப்பு வாரைச் சட்டென்று பிடித்துக்கொண்டான். நெட்டையாக வளர்ந்து, காலையில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் சாயங்காலம் வரை தாங்குகிறவன், அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

"அக்கா, எடை குறையுதோ இல்லையோ, நீங்களே குறைஞ்சுடுவீங்க போலிருக்கு."

அன்று சாயங்காலமே மருத்துவமனைக்குப் போனாள். அங்கிருந்த நர்சம்மா அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உசரத்துல நின்னு வேலை பார்க்கறவ வெறும் வயித்தோட போவியா? சாப்பாட்டை அளவா குறை. நடுவுல பசிச்சா ஒரு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ தின்னு. வறுத்துப் பொரிச்சது, உப்புப் போட்டது வேண்டாம். ஒரு கைப்பிடின்னா ஒரு கைப்பிடிதான், ஒரு டப்பா இல்ல. கடலையை ஓட்டோட வாங்கு. உரிச்சு உரிச்சுத் தின்னா கை தானா மெதுவாகும்."

அவ்வளவுதான், வீட்டில் பூகம்பம்.

"கடலையா? அக்கா, அது முழுக்க எண்ணெய்! எண்ணெயைக் குடிச்சு இளைக்கப் போறியா?" என்று தங்கச்சி குதித்தாள். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த புருஷன், தட்டு நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டு, "கடலை தின்னு இளைச்ச அணிலை எங்கேயாவது பார்த்திருக்கியா?" என்று சிரித்தார். சூப்பர்வைசர் காதுக்கும் எப்படியோ போய்விட்டது. "கொறிச்சுக்கிட்டே இருந்தா எங்கேம்மா குறையும்?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி அவர் நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே!

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் மூடப் பார்க்கவும் இல்லை. இருபது மாடிக்கும் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினாள். சோற்றைப் பாதியாக்கினாள். தினமும் பதினொரு மணிக்குத் தொட்டில் பதினோராவது மாடிக்கு வரும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி டப்பாவைத் திறந்து வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருப்பாள். இந்தப் பக்கம் இவள் கடலையை நிதானமாக உரித்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டு மெல்லுவாள். தங்கச்சி உள்ளேயிருந்து விரலை ஆட்டி மிரட்டுவாள். இவள் அந்த விரல் இருக்கிற இடத்தில் சோப்பு நுரையை அப்பி மூடிவிடுவாள்.

உரித்த கடலை ஓட்டை என்ன செய்வது? மேலே வேலை செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேதம் உண்டு: மேலிருந்து ஒரு நூல்கூடக் கீழே விழக்கூடாது. பையில் போட்டால் குத்தும். அதனால் தொட்டிலுக்குள் காலடியில் விரித்திருந்த ரப்பர் பாயின் ஏதாவது ஒரு மூலையைத் தூக்கி, ஓட்டை அதற்கடியில் தள்ளிவிடுவாள். சாயங்காலம் வாரிக்கொள்ளலாம் என்று நினைப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் யாருக்கு நினைவு இருக்கிறது?

ஆறு வாரம் முடிந்தது. முந்தின நாள் மருத்துவமனைத் தராசில் எழுபத்தொன்பது. நர்சம்மாவைக் கட்டிக்கொள்ளாத குறை.

மறுநாள் பின்வாசலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். இரண்டு நாள் விடாத மழை அப்போதுதான் ஓய்ந்து, தொட்டில் தரையில் ஈரமாக நின்றது. தங்கச்சியும் வேலைக்குப் போகாமல் நின்றாள். சூப்பர்வைசர் தராசு கொண்டுவரவில்லை.

"தராசு எதுக்கு? தொட்டிலே சொல்லும். ஆள் ரெண்டு, தலைக்கு எண்பது. தண்ணி, சாமான் நாப்பது. மணியை இன்னைக்குத்தான் இருநூறுக்கு வச்சிருக்கேன், தாண்டினா அடிக்கும். அடிச்சா கீழே. பேச்சே கிடையாது."

ஒட்டகத்துக்கும் எழுபத்தொன்பதுதான். இரண்டு கிலோ மிச்சம் என்று கணக்குப் போட்டபடி அவள் ஏறினாள். அவன் ஏறினான். விசையை அழுத்தியதும் தொட்டில் ஒரு முழம் எழும்பியது.

மணி அலறியது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தளத்து எண்ணெய்க் கறையும் விளக்குமாறும் கண்ணாடிக்காரியின் கண் முன்னால் வந்து நின்றன.

"இறங்கும்மா," என்றார் சூப்பர்வைசர். "நான்தான் அப்பவே சொன்னேனே, கடலை வேலையைக் காட்டிடுச்சு."

"இறங்க மாட்டேன். என் எடை எழுபத்தொம்பது. தராசைக் கொண்டாங்க."

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"சரி, மேடையைப் பார்த்துடுவோம்!" என்று அவள் அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முட்டி சில்லிட்டது. பாயை இழுத்துத் தூக்கினாள். அடியில் குளம். இரண்டு நாள் மழை அத்தனையும் தொட்டிலுக்குள்ளேயே தேங்கி நின்றது. தண்ணீர் வடிவதற்கென்று நாலு மூலையிலும் துளை உண்டே, என்ன ஆயிற்று? மூலையில் விரலை விட்டு நோண்டினாள். பொதபொதவென்று ஊறிப்போய், கொத்தாகக் கையோடு வந்தது.

கடலை ஓடு.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்பது அவளுக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. ஒட்டகத்துக்கும் புரிந்தது. அவன் மெதுவாக, "சார், அது நான்..." என்று ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு," என்று அவள் எழுந்தாள். ஊறிய ஓட்டை உள்ளங்கையில் ஏந்தி எல்லோருக்கும் காட்டினாள். "என்னோடதுதான். நான் தின்ன கடலை, நான் தள்ளின ஓடு. துளையை அடைச்சது தப்பு, நூத்துக்கு நூறு தப்பு. இதுக்கு ஒரு வாரம் எல்லாத் தொட்டிலையும் நானே கழுவுறேன். ஆனா மணி அடிச்சது மழைத்தண்ணிக்கு. நான் தின்னதுக்கு இல்ல. தண்ணியை வடிச்சுட்டு மறுபடி அடிக்குதா பாருங்க. அடிச்சா, விளக்குமாத்தை நானே போய் எடுத்துக்கறேன்."

நாலு துளையும் திறந்ததும் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. சூப்பர்வைசரின் ஷூ நனைந்தது. அவர் நகரவில்லை.

மறுபடி இருவரும் ஏறினார்கள். விசை அழுத்தப்பட்டது. ஒரு முழம். இரண்டு முழம். மணி வாயே திறக்கவில்லை.

"ம். சரி," என்றார் சூப்பர்வைசர். "ஆனா இனிமே தொட்டில்ல கடலை கூடாது."

"ஓடு கூடாது சார், ஒத்துக்கறேன். நாளையிலிருந்து உரிச்ச பாதாம் கொண்டாரேன். கூடாதுன்னு சொல்றதா இருந்தா, பதினாலாவது மாடியில எனக்கு மயக்கம் வந்தா நீங்க வந்து பிடிக்கறேன்னு எழுதிக் குடுங்க."

அவர் மேலே ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். எழுதிக் கொடுக்கவில்லை.

தொட்டில் பதினோராவது மாடிக்கு வந்தபோது தங்கச்சி லிஃப்டில் ஓடிவந்து தன் மேசையருகே மூச்சிரைக்க நின்றாள். கண் சிவந்திருந்தது. வெளியே நின்ற அக்கா கண்ணாடி முழுக்க நுரையைப் பூசி, விரலால் பெரிதாக 79 என்று எழுதினாள், உள்ளேயிருந்து படிக்கத் தோதாகத் திருப்பிப் போட்டு. எட்டு வருஷத்தில் அது நன்றாகவே கைவந்திருந்தது.

பிறகு பையிலிருந்து ஒரு கடலையை எடுத்தாள். உரித்தாள். ஓட்டை, குத்தினால் குத்தட்டும் என்று பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு, பருப்பைத் தங்கச்சி பார்க்கப் பார்க்க வாயில் போட்டு மென்றாள்.

தங்கச்சி விரலை ஆட்டவில்லை. வெள்ளரிக்காய் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் கையை நீட்டினாள்.

"சாயங்காலம் வாடி, ஒரு கைப்பிடி தரேன்," என்று அவள் வாயசைத்துவிட்டு, வைப்பரை எடுத்து நுரையை வழித்தாள்.