இளநீர் வரும் பத்தி

1

1999 மே 18, செங்கல்பட்டு. காவலர் உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த கார்த்தி, வயது இருபத்தாறு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அன்று மாலையே இறந்தான்.

இந்த வரியை என்னிடம் சொன்னவர், அன்று அவனுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் சாராள். ஐந்து ஆண்டு கழித்து, வேறு வேலையாக அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஓட்டப் பயிற்சியையும் பளுப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தால் தசைக்கு என்ன ஆகும் என்று வார இதழ் ஒன்று கட்டுரை கேட்டிருந்தது.

2

முதல் தொடக்கம்: "கடலோரத்தில் விடிந்துகொண்டிருந்தது. மணலில் ஒருவன்…" அடித்துவிட்டேன். எல்லாக் கடலோரத்திலும் விடியத்தான் செய்கிறது.

இரண்டாவது தொடக்கம்: ஓடினால் தசை களைக்காமல் உழைக்கப் பழகும், பளு தூக்கினால் பருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் தவறில்லை. பலம் ஏறுவது சிலருக்குக் கொஞ்சம் மட்டுப்படலாம், அவ்வளவே. (சாராள்: "படிப்படியா ஏத்தணும், நடுவுல ஓய்வு வேணும், தண்ணி குடிக்கணும். அத மறக்காம எழுதுங்க.")

எழுதிவிட்டேன். கார்த்தி இந்த மூன்றையும் செய்யவில்லை.

3

முந்தைய தேர்வில் ஓட்டத்தில் தேறி, கயிறு ஏறுவதில் தோற்றவன். வயது வரம்புப்படி இதுவே கடைசி வாய்ப்பு. அழைப்பு தாமதமானதால் பயிற்சியை விட்டிருந்தான். தேதி தெரிந்ததும் விட்டதையெல்லாம் ஒரே வாரத்தில் பிடிக்கப் பார்த்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே மணலில் ஓட்டம். ஓடிய கையோடு நண்பன் அப்பாசாமியைத் தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுவது. பிறகு புளியமரத்தில் கட்டிய கயிறு. வயிறு கனக்கும் என்று தண்ணீர் குடிக்கவில்லை.

பேச்சு, அப்பாசாமி எனக்குச் சொன்னபடி:

"மச்சான், ஒண்ணுக்கு காப்பி கலருல போவுதுடா."

"டிக்காசன் ஜாஸ்தி. பால் ஊத்திக்க."

"வெளாடாத. தொடை ரெண்டும் கல்லு மாதிரி கீது."

"சூடுடா. இதுக்குப் போயி பேஜாராவற? தொப்புள்ல வெளக்கெண்ண வெச்சிகினு படு. அக்காவாண்ட சொல்லி எளநீரு குடி."

[முதல் வரைவில் அப்பாசாமியை வில்லனாக்கினேன். நிற்கவில்லை. அவன் இடத்தில் என் தெருவில் யார் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.]

4

கார்த்தியின் அக்கா, பெயர் வேண்டா, வீட்டு மரத்திலிருந்து குலையை இறக்கி வெட்டிக் கொடுத்தாள். இரண்டு நாள் கொடுத்தாள். சிறுநீர் குறைந்தது, பிறகு நின்றது. நின்றதும் இன்னும் அதிகமாகக் கொடுத்தாள்.

சாராள் விளக்கியது இது. அளவு மீறி உழைத்த தசை உடைந்து ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகம் கெடும். உடைந்த தசையிலிருந்து பொட்டாசியம் என்ற உப்பும் கசியும். அது சிறுநீரில் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். இளநீரில் அந்த உப்பு நிறைய.

"அப்படியென்றால் அந்த அக்கா கொடுத்த…"

"தெரியாது சார். இளநி குடிக்காமலே போயிருக்கலாம். அதுவும் சேர்ந்திருக்கலாம். அந்தம்மாகிட்ட நான் சொல்லல. நீங்களும் எழுதாதீங்க."

5

வேண்டாவை மாமல்லபுரத்தில் அவள் வீட்டில் பார்த்தேன்.

"எளநீரு வெட்டிக் குடுத்துகினே இருந்தேன் சார். அதனாலதான் அன்னிக்கு வரைக்கும் உசுரு நின்னுது. இல்லாங்காட்டி முன்னாடியே போயிருப்பான். அது ஒண்ணுதான் என் கையால…"

மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "எந்த பொஸ்தகத்துல வரும்? வாங்கி வெக்கறேன். அவன் போட்டோ போடுவீங்களா?"

இதழின் பெயரைச் சொன்னேன்.

6

முடிவுகள்.

(அ) இளநீரை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் என்று எழுதுவது. எழுதியும் பார்த்தேன். வேண்டா அவள் நம்பிக்கையோடு இருப்பாள். காப்பி நிறத்தில் சிறுநீர் போகும் இன்னொருவனுக்கு இன்னொரு அக்கா குலை இறக்குவாள்.

(ஆ) பெயர்களை மாற்றுவது. மாற்றியிருக்கிறேன். தம்பிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவளுக்குத் தன்னை அடையாளம் காணப் பெயர் தேவைப்படாது.

(இ) வேண்டா படித்த பிறகு என்ன நடக்கிறது என்பது. இதை நான் எழுதப்போவதில்லை. அப்போது அவள் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் என்றால், அவள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். டாக்டர் சொன்ன 'தெரியாது' என்ற சொல் உண்மை. அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான்காம் பகுதியை நீக்காமல் அனுப்பினேன். மாமல்லபுரம் பேருந்து நிலையக் கடைக்கு இதழ் வெள்ளிக்கிழமை வரும்.