பூங்காவனத்தின் பல்

ராஜரத்தினத்தின் ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொண்டால் பத்து வயது குறையும், இரண்டு நிறம் கூடும் என்று காஜா பெராங் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டதே ராஜரத்தினம்தான் என்பது வேறு விஷயம்.

பக்கத்துக் கிராமமான கம்போங்கின், மலாய் பேசும் செட்டிப் பெண்கள் கெபாயாச் சட்டையில் வந்து உட்கார்ந்து, "பூத்தே சிக்கிட், லா" என்பார்கள். கொஞ்சம் வெள்ளையாகப் போடு என்று அர்த்தம். தமிழ்க்காரர்கள் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, பவுடரை அப்பிக்கொண்டு வந்து நிற்பார்கள். இரு தரப்பையும் அவர் கைவிட்டதில்லை. நெகட்டிவை விளக்குக் கண்ணாடிமேல் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்துப் பள்ளங்களை நிரப்புவார். குட்டிக் கத்தியால் வேண்டாததைச் சுரண்டுவார். தொழிலில் இதற்கு டச்சிங் என்று பெயர். கடவுள் அவசரத்தில் அரைகுறையாக விட்டதைத் தான் முடித்துவைப்பதாக அவருக்கு நினைப்பு. "உங்க மூக்குக்கு மட்டும் ஆண்டவன் அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டானா?" என்று மனைவி மல்லிகா கேட்பதுண்டு.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம், தமிழர் சங்கத்துச் செயலாளர் தம்பிராஜா ஒரு கடிதத்தோடு வந்தார். ஆகஸ்டில் சுதந்திரம்; சங்கம் ஒரு மலர் போடுகிறது. அதில் பூங்காவனத்துக்கு ஒரு முழுப் பக்கம். புக்கிட் காதிலில் சாயங்கால வகுப்பு நடத்தி, கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களைக் கையெழுத்துப் போடவைத்தவள் அவள். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பிடித்துக்கொண்ட ஒரே படம் நான்கு வருஷத்துக்கு முன் ராஜரத்தினம் எடுத்தது.

கடிதம் கோலாலம்பூர் அச்சகத்திலிருந்து. அச்சுக்குப் பிளாக் செய்யும்போது படம் புள்ளி புள்ளியாக உடைந்து கொஞ்சம் விவரம் எப்படியும் போகும். அதனால் அனுப்புவதில் ஒன்றும் போயிருக்கக் கூடாது. படத்தைத் திரும்பப் படமெடுத்து அனுப்பாதீர்கள். டச்சிங் படாத அசல் நெகட்டிவிலிருந்து, பளபளப்புத் தாளில், பெரிய பிரதி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"நெகட்டிவ் இருக்கா?" என்றார் தம்பிராஜா.

இல்லாமல் போகுமா? இந்த ஸ்டூடியோ ஒரு குண்டூசியைக்கூட வெளியே போட்டதில்லை என்று ராஜரத்தினம் பெருமையடித்துக்கொண்டார். தம்பிராஜா சந்தோஷமாகப் போனார்.

உறையைப் பிரித்து ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அதில் தன் பென்சிலும் கத்தியும் பட்டிருப்பது ஞாபகம் வந்தது.

பென்சிலைப் பற்றிக் கவலையில்லை. கற்பூரத்தைலத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். துடைத்தார். அவர் மழுமழுவென்று ஆக்கியிருந்த கன்னத்தில் அம்மைத் தழும்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஏழு, எட்டு, புருவத்தோரம் ஒன்று. வாயருகில் வந்ததும் பஞ்சு நின்றுவிட்டது.

அன்றைக்குப் பூங்காவனம் சிரித்துவிட்டாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு காமிராவைச் சரிபார்த்தவரைப் பார்த்து, "கோழியக் கூடைக்குள்ள கவுத்தாப்புல இருக்கீங்கண்ணே" என்றாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். முன்னே ஏறி நின்ற தெத்துப்பல் ஒன்று அவளுக்கு முன்பாகச் சிரித்தது. அந்த நொடியில் எடுத்த படம். அவர் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று ஃபிலிமைக் கழுவியபோதே தெரிந்தது. தெரிந்தும், உட்கார்ந்து ஒரு மணி நேரம் அந்தப் பல்லைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். மற்றப் பற்களையும் விடவில்லை. உதட்டைப் பென்சிலால் ஒட்டினார். வாசல் கண்ணாடிப் பெட்டியில் ஆறு மாதம் மாட்டிவைத்து, பார்க்கிறவர்களிடம் "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். யாராலும் சொல்ல முடியவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பென்சிலைத் துடைக்கலாம். சுரண்டிய இடத்தில் துடைக்க ஒன்றுமில்லை; நெகட்டிவில் வெறுமையானது பிரதியில் கறுப்பாக விழும். பிரதி போட்டுப் பார்த்தார். கண் சிரித்தது, கன்னம் சிரித்தது, வாய் இருந்த இடத்தில் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு.

வரைந்துவிடலாம் என்று தோன்றியது. வெள்ளை வர்ணம், ஒற்றை மயிர்த் தூரிகை, அரை மணி நேரம். பிளாக்கின் புள்ளிகளுக்குள் எவன் கண்டுபிடிப்பான்? தூரிகையை நனைத்தும் விட்டார். அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

பூங்காவனத்தின் புருஷன் பிச்சை. புக்கிட் ரம்பாயில் ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஸ்டோரில் வேலை. வேலை முடிந்து நேராக வந்திருந்தார், சட்டையில் பால்வாடை போகவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டச்சிங் இல்லாத படந்தான் மலர்ல வருதுன்னு செயலாளர் சொன்னாரு. ஒரு தடவ பாத்துட்டுப் போலாமேன்னு வந்தேன்" என்றார்.

ராஜரத்தினம் தூரிகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வீட்டில்தான் படம் இருக்கிறதே என்று என்னவோ சொல்லிப் பார்த்தார்.

"இருக்குண்ணே. கொற சொல்லல. ரொம்ப அழகா இருக்கு. யாரோ ஒரு அம்மா மாதிரி." பிச்சை மரியாதையாகச் சிரித்தார். "படம் வந்ததுலேருந்து அவ சிரிச்சா முந்தானய வாயில வச்சுக்குவா. வகுப்புலகூட. ஏன்டின்னா, அண்ணன் கஷ்டப்பட்டு மூடி அனுப்பியிருக்காரு, நாம தொறந்தா நல்லாருக்காதும்பா. வெளாட்டுக்குத்தான் சொல்லுவா. ஆனா கைய எடுக்க மாட்டா. கடைசி வரைக்கும்."

ராஜரத்தினத்திடம் எந்தச் சங்கடத்துக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராக இருக்கும். சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்து வருவார். இப்போது அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சொன்னார். பென்சில் எது, கத்தி எது, திரும்ப வருவது எது, வராதது எது என்று பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பதுபோல் சொல்லிமுடித்தார். தூரிகையையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

பிச்சை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார், கோபப்பட்டிருந்தால் தேவலை. பிச்சையோ வேலை தெரியாத ஒருவர் தெரிந்தவரைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"அப்ப அந்தப் பல்லு எங்கண்ணே போச்சு?"

சுரண்டினால் தூள் வரும். நெகட்டிவில் வெள்ளைப் பல்லும் கறுப்புதான்; கறுப்புத் தூள், கண்மைபோல. அதை என்ன செய்வது வழக்கம் என்று ராஜரத்தினத்துக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"ஊதிட்டேன்" என்றார்.

பிச்சை ஈரப் பிரதியை இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். தழும்புகளை நெடுநேரம் பார்த்தார். புருவத்தோரத் தழும்பின்மேல் விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இதையே அனுப்புங்க. வாய அப்படியே விட்ருங்க. வரையாதீங்கண்ணே." பிறகு, "செரமம் குடுத்துட்டேன். நன்றிண்ணே" என்று கும்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்தார்.

பிரதி ஸ்டூடியோவிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போனது. மலர் ஆகஸ்டு மூன்றாம் வாரம் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. அன்று சாயங்காலம் சங்கத்து மண்டபத்தில் வெளியீடு; பூங்காவனத்தின் வகுப்புப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பிச்சை சுவரோரம் நின்றார். பதினேழாம் பக்கத்தைத் திருப்பிய தம்பிராஜாவுக்கு முகம் சிவந்தது. மூஞ்சி அச்சாக அவளேதான், தழும்பு ஒன்றுவிடாமல் விழுந்திருக்கிறது, வாயில் மட்டும் மையைக் கொட்டித் தொலைத்திருக்கிறான்கள், அச்சகத்தைச் சும்மா விடக் கூடாது என்று மேடையிலேயே பொரிந்தார். "நம்ம ராஜரத்தினம் கை பட்ட படத்துல இப்படி ஒரு கறை வருமா? நீங்களே சொல்லுங்க" என்று சபையைக் கேட்டார். வரவே வராது என்று சபை தலையாட்டியது.

ராஜரத்தினம் எழுந்தார்.

"அச்சகம் ஒண்ணும் பண்ணல" என்றார். "அந்தம்மாவுக்கு அங்க பல்லு இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான்தான் சொரண்டிட்டேன்."

மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். ராஜரத்தினம் எழுந்தால் சிரிப்பது ஊர் வழக்கம். பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "உட்காருங்க, லா" என்றார்.

அவர் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னார்.