திறந்திருந்த மைக்

"அப்பா, கோச்சுக்காதீங்க. பதிஞ்சது அத்தனையும் வேஸ்ட்," என்றாள் மகள்.

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றுவதற்காக போஸ்ட்மாஸ்டர் வயரெல்லாம் சரியாகத்தான் மாட்டியிருந்தார். ஆனால் வயர் வழியாகப் பதி என்று கணினிக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குத் தன் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் ஓடிய பாட்டோடு வீட்டுச் சத்தம் முழுவதையும் வாங்கிப் போட்டிருந்தது. தட்டுக்கு ஒன்றாக முப்பத்தேழு பதிவுகள். முப்பது வருஷம் ஒரு முத்திரைகூடக் கோணலாகக் குத்தாத மனுஷன் செய்த வேலை இது!

"அழிச்சிட்டு நான் புதுசா பதிஞ்சு தரேன்ப்பா," என்று மகள் ஒன்றை ஓடவிட்டாள். வயலினுக்கு நடுவே அம்மாவின் குரல் கேட்டது. "தட்டைக் குளிப்பாட்டுற அக்கறையில, நீங்க ஒரு நாளாவது நேரத்துக்குக் குளிச்சதுண்டா?"

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தம்பியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

போஸ்ட்மாஸ்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முப்பத்தேழாவதைத் திறந்தார். மனைவி இறந்துபோன நாளின் பதிவு அது. அன்றும் வழக்கம்போல தட்டை ஓடவிட்டு, அடுத்த தட்டைக் கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போயிருந்தார். இரண்டு பக்கமும் முடிந்தபின் எழுப்பப் போனால், கை சில்லென்று இருந்தது. "தூக்கத்துலயே போயிருக்காங்க, வலியே தெரிஞ்சிருக்காது," என்றார் டாக்டர். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இவரும் அதையே ஒப்பித்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாலு மாதமாக அவருக்குச் சோறு இறங்கியது. ஆனாலும், கூப்பிட்டிருப்பாளோ, குழாய்ச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று ஒரு முள் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

மூன்று பாட்டு ஓடியது. ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

நாலாவது பாட்டில், "ஏங்க."

சத்தமாகக்கூட இல்லை. வேலையாக இருக்கிறவரைத் தொந்தரவு செய்கிறோமே என்கிற குரல். கொஞ்சம் பொறுத்து, "ஏங்க... இங்க கொஞ்சம் வாங்களேன்." அப்புறம் பாட்டு மட்டும்தான். பாட்டு முடிந்து முள் கரகரத்தது. செருப்புச் சத்தம் வந்தது. அவருடையதுதான். பாவி, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேறு வருகிறான்! காலடி தட்டிடம் நிற்காமல் படுக்கையறைப் பக்கம் போயிற்று. அவருக்கு நினைவு வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அயர்ந்து தூங்குகிறாள், பாட்டுச் சத்தத்தில் விழித்துவிடக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தார். காதுக்குள் கதவு மெதுவாக, மிக மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மகள் தோளைத் தொட்டாள். கையில் போன். "தம்பி லைன்ல இருக்கான்ப்பா. அம்மா குரல் அவனுக்கும் வேணுமாம். எல்லாத்தையும் அனுப்பச் சொல்றான். முப்பத்தேழுதானே?"

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"முப்பத்தாறும்மா," என்றார். "முப்பத்தாறுன்னு சொல்லு."

அவள் போனில் பேசிக்கொண்டே நகர்ந்தாள். ஹெட்போனில் தட்டைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. மறுபக்கத்தின் முதல் பாட்டு ஆரம்பித்தது. அவர் இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஏதாவது கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.