எடுத்துவிட்டுத் தேடுங்கள்

தலை நரைத்த பிறகு என் மனைவிக்குப் பரீட்சை வைத்தார்கள். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் காலமெல்லாம் உட்கார்ந்தவள் அவள். எந்த டாக்டர் எந்த நோயைப் பற்றிக் கேட்டாலும், உலகத்தில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடியெடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அவளைப் போய், புதிய தேடுமுறைகளைத் தொலைதூர வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கி வா என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கட்டிலை விட்டு எழ முடிந்தால்தானே!

நான் பஸ் கண்டக்டர். முன்படிக்கட்டில் நின்று ஒரு சத்தம் போட்டால், பின்சீட்டில் தூங்குகிறவன் கண்ணைத் திறக்காமலே டிக்கெட்டுக்குக் காசை நீட்டுவான். இப்போது தண்ணீர் கேட்பதற்கே மூச்சு வாங்குகிறது. வயிற்றில் கட்டி. கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டதாம்.

எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். அதில் ஜன்னலோரம் அவளுடைய கம்ப்யூட்டர் மேசை. கேமராவில் விழாதபடி பக்கத்துச் சுவரோரம் என் கட்டில். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் அவளுக்குக் காது வலிக்கும். அதனால் பாடம் அறை முழுக்கக் கேட்கும். ஆக, பதிவு செய்துகொள்ளாமலே படித்த மாணவன் நான். "என்ன புரொபசரம்மா, இன்னிக்கு வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" என்று சீண்டுவேன். "வாயை மூடிட்டுக் கஞ்சியைக் குடிங்க" என்பாள்.

கடைசிப் பயிற்சிக்கு, உண்மையான ஒரு நோயாளியின் கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேடிக் காட்ட வேண்டும். அவள் என் கேள்வியை எடுத்துக்கொண்டாள். யாருடையது என்று வகுப்பில் சொல்லவில்லை. கட்டி இவ்வளவு பரவிய பிறகு பெரிய ஆபரேஷன் செய்தால் பலன் உண்டா? எங்கள் டாக்டர் இதில் பிடிகொடுத்தே பேசவில்லை. "பண்ணலாம், பண்ணாமலும் இருக்கலாம். பண்றதா இருந்தா வெளியூர் போகணும். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்று கைகழுவிவிட்டார்.

அவள் தேடினாள். கட்டுக் காகிதத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"என்னங்க, இதெல்லாம் படிச்சேன். நிறைய பேருக்கு நல்லாயிருக்கு. நாம போயிடலாங்க."

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு உயிராசை வந்துவிட்டது. மச்சினனுக்குப் போன் போட்டேன். "கவலைய விடுங்க மாமா, நான் கூட வரேன்" என்று அவன் ரயிலில் இடம் போட்டான். நான் சவரம் செய்துகொண்டேன். திரும்பி வந்ததும் எந்த ரூட்டில் வேலை கேட்கலாம் என்றுகூட யோசித்தேன். பைத்தியக்காரன்!

அந்த வாரம் வகுப்பில் ஆசிரியை அவளுடைய பயிற்சியைத் திரையில் போட்டார். அவர் வேறெதோ ஊரில் இருக்கிறார், நல்ல பொறுமைசாலி. தேடுவதற்காக அவள் கொடுத்த சொற்கள் வரிவரியாக இருந்தன: நோய் ஒரு வரி, ஆபரேஷன் ஒரு வரி, வயது ஒரு வரி. எல்லாவற்றையும் சரி என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார்.

"இங்க 'குணமானது', 'பலன் கிடைத்தது'ன்னு ஏன் போட்டிருக்கீங்க? அப்படிப் போட்டா குணமானவங்க கதை மட்டும்தானே வரும்? கேள்விக்குள்ளயே பதிலை வெச்சுட்டீங்களேம்மா. இவ்வளவு அனுபவம் உள்ளவங்க இந்தத் தப்பைப் பண்ணலாமா? அந்த வரியை எடுத்துட்டுத் தேடுங்க."

"சரிங்க மேடம்" என்றாள். வகுப்பு முடிந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எடுத்துட்டுத் தேடு" என்றேன்.

"அது பாடத்துக்காகச் சொன்னதுங்க. உங்களுக்கு இல்ல."

"பாடமே நான்தானேடி!"

"நான் இதையே அனுப்பிடறேன். ஃபெயில் ஆனா ஆகிட்டுப் போறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஊர்ல இருக்கிற டாக்டருக்கெல்லாம் ஒழுங்காத் தேடிக் குடுத்தே. கட்டின புருஷனுக்கு மட்டும் கண்கட்டு வித்தையா?"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அந்த வரியை அழித்தாள். ஐயோ, வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வறட்டுக் கௌரவம் விடவில்லை.

முதலில் கைப்பிடி அளவு வந்த கட்டுரைகள் இப்போது பக்கம் பக்கமாக வந்தன. அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெயில் இறங்கும் நேரத்துக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். நூலகத்தில் டாக்டர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"உங்க அளவுக்குப் பரவினவங்கள்ல, ஆபரேஷன் பண்ணினவங்களும் பண்ணாதவங்களும் ஏறக்குறைய ஒரே காலம்தான் இருந்திருக்காங்க. பண்ணினவங்க அதுல பெரும்பகுதியை ஆஸ்பத்திரியிலயே கழிச்சிருக்காங்க. நான் முன்னாடி காட்டினவங்களுக்குக் கட்டி சின்னது."

சாவுக்கு அஞ்சாதவன் என்று வெளியில் பீற்றிக்கொண்டவன்தான் நான். அன்றைக்கு எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஒருத்தர்கூடவா தேறல?"

"அங்கங்க ஒருத்தர் ரெண்டு பேர் தேறியிருக்காங்க."

"அதுல நானும் ஒருத்தன்னு வெச்சுக்கக் கூடாதா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெச்சுக்கலாங்க. ஆனா ஒரு டாக்டர் வந்து கேட்டா, நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

மறுநாள் மச்சினனைக் கூப்பிட்டு ரயில் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னேன். அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். போனிலேயே அழுதான், பாவம்.

கடைசி வகுப்பு வந்தது. ஆசிரியை வாய் நிறையப் பாராட்டினார். "இந்த வகுப்புலயே இதுதான் சிறந்த தேடல். எல்லாரும் பாத்துக்கங்க. ஆனா, தேடிக் குடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சுடாது. கேட்டவங்க அதை வெச்சு என்ன பண்ணினாங்கன்னும் விசாரிக்கணும். நீங்க சொல்லுங்கம்மா. உங்க நோயாளி என்ன முடிவெடுத்தாரு?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். திரையில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். என்னால் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை.

"வீட்டுலயே இருக்கப் போறாராம்மா" என்றேன், மிச்சமிருந்த மூச்சையெல்லாம் கூட்டி.

"யாரு பேசறது?"

"நோயாளிதான் மேடம்" என்றாள் என் மனைவி. "எங்க வீட்டுக்காரர்."

ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து, குறுகலான அந்தக் கட்டிலில் என் பக்கத்தில் ஒண்டிப் படுத்தாள்.

"எவ்வளவு மார்க்கு போட்டாங்க?" என்று கேட்டேன்.

"முழு மார்க்குங்க" என்றவள், ஓவென்று அழுதாள்.