உடல் வயது நாற்பத்தெட்டு

மனைவி இந்திராணியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் திரும்பிப் போன பிறகு, திருச்செல்வம் காலையில் பசியாறுவதை விட்டுவிட்டார். விட வேண்டும் என்று நினைத்து விடவில்லை. எழுந்தார், குளித்தார், சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பாசிர் கூடாங்குக்குப் போகும் வழியெல்லாம் ரொட்டிக் கடைகளும் நாசி லெமாக் சோறு விற்கும் மேசைகளும்தான். எங்கேயும் வண்டியை நிறுத்தத் தோன்றவில்லை.

பாமாயில் சுத்திகரிப்பு ஆலையில் உதிரிப்பாகக் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. ஐம்பத்தேழு வயது. மதியம் மணி அடித்தால் மற்றவர்கள் கேண்டீனுக்குப் போவார்கள், அவரும் பின்னால் போவார். தட்டில் விழுந்ததைச் சாப்பிடுவார். வேலை முடிந்து வந்ததும் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். அதற்குப் பிறகு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார். திரையில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். அடுப்பை அவர் பற்ற வைக்கவே இல்லை. எண்ணெய் போத்தலின் கழுத்தில் தூசு படிந்தது. அதை அவர் பார்த்தார், துடைக்கவில்லை.

சில மாதங்களில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. கிடங்கிலிருந்த ஆணியால் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று.

முதலில் கேட்டது ஜெயபாலன்தான். கொதிகலன் பகுதியில் டெக்னீஷியன். பத்து வருடமாகப் பழக்கம், பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் வீடு. ஒரு நாள் வால்வுக்குச் சாமான் எடுக்க வந்தவன் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன அண்ணே, ஆளே மாறிட்டீங்க. ஜிம்முக்குப் போறீங்களா?"

"இல்லையே."

"பின்ன என்ன செய்றீங்க? காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"காலையில ஒண்ணும் இல்ல. பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ."

"ராத்திரி?"

"ஏழு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடறதில்ல."

ஜெயபாலன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். "அண்ணே, இது பதினாறு எட்டு லா. பதினாறு மணி நேரம் வயித்தக் காயப் போட்டுட்டு, மிச்ச எட்டு மணி நேரத்துலதான் சாப்பிடணும். அப்ப உடம்பு என்ன செய்யும்னா, உள்ள இருக்கிற பழைய குப்பையெல்லாம் அதுவே தின்னு சுத்தம் பண்ணிக்கும். வயசே ஏறாதுங்கிறாங்க. வீடியோவுல டாக்டருங்க மணிக்கணக்காப் பேசுறாங்க. நீங்க என்னடான்னா சத்தமில்லாமச் செஞ்சிட்டு இருக்கீங்க."

திருச்செல்வம் வால்வுச் சாமானை எடுத்து அவன் முன் வைத்தார். தான் செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மறுத்துச் சொல்வதைவிடத் தலையாட்டுவது எளிதாக இருந்தது.

அதன் பிறகு எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கம்பெனி டாக்டர், மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இனிப்பு நீர் வரப்போகிற அளவில் இருந்த சர்க்கரை இறங்கியிருந்தது. "இதே மாதிரி போங்க மிஸ்டர் திரு, இன்னும் முப்பது வருஷம் ஓடும்" என்றார். முப்பது வருடம் என்பதைத் திருச்செல்வம் காரில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். நீளமான, ஆளில்லாத சாலையைப் பார்ப்பது போல இருந்தது. சாவியைத் திருகினார்.

மகள் பிரவீனாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. வார நாளில் அங்கேயே அறை எடுத்துத் தங்குவாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். வரும்போது கடையில் தப்பாவ் கட்டி வாங்கி வந்து மதியம் அப்பாவோடு சாப்பிடுவாள். அவர் தட்டைக் காலி செய்வதை அவள் பார்த்தாள், அது போதுமாக இருந்தது.

"நல்லா இருக்கீங்கப்பா. அம்மா எத்தனை தடவ சொன்னாங்க தொப்பையக் குறைங்கன்னு. இப்பப் பார்த்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

"ம்" என்றார். அவள் ஒரு அளவு சிறிய சட்டைகள் இரண்டு வாங்கி வந்திருந்தாள். அவை பொருந்தின.

ஆலையில் ஆரோக்கிய நாள் நடந்தது. மண்டபத்தில் ஒரு எடை இயந்திரம் வைத்திருந்தார்கள். வெறுங்காலோடு ஏறி, கைப்பிடியைப் பிடித்தால் எடையோடு உடலின் வயதையும் காட்டுமாம். திருச்செல்வம் ஏறினார். நாற்பத்தெட்டு என்று காட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மனிதவளப் பிரிவுப் பெண் அவரை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தாள். அவர் மலாயில் சொன்னார், காலையில் சாப்பிடுவதில்லை, மதியம் சாப்பிடுவேன், சாயங்காலம் கொஞ்சம், அதோடு சரி.

"கஷ்டமாக இருந்ததா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை."

"பசிக்காதா?"

"பசிக்காது."

மறுபடியும் கை தட்டினார்கள். அவர் கீழே இறங்கினார். அடுத்த வாரம் கேண்டீன் சுவரில் அவர் படம் பெரிதாகத் தொங்கியது. படத்தில் இருந்தவர் கொஞ்சம் சிரித்திருந்தார். எப்போது சிரித்தோம் என்று அவருக்கு ஞாபகமில்லை.

ஜெயபாலன் அந்தக் கூட்டம் முடிந்த மறுநாளே தானும் பட்டினி முறையைத் தொடங்கினான். அவனுக்கு நாற்பத்தாறு வயது. ஆறு வருடமாக இனிப்பு நீர். காலையில் பசியாறுவதற்கு முன் சர்க்கரையைக் கீழே தள்ளும் மாத்திரை ஒன்று போடுவான். பசியாறுவதை நிறுத்தினான், மாத்திரையை நிறுத்தவில்லை. கிளினிக்கில் கேட்கவும் இல்லை. தலை சுற்றியபோது உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தான். "நீங்க செஞ்சப்ப தலை சுத்துச்சா அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டான். "இல்லையே" என்றார் திருச்செல்வம். அது உண்மைதான். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, கேட்டிருந்த சாமானைக் கொடுக்கக் கொதிகலன் பகுதிக்குப் போனார். ஜெயபாலன் இரும்புப் படிக்கட்டின் நடுவில் நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. அவரைப் பார்த்து, பழைய காலம் போலச் சிரித்தான்.

"அண்ணே, அக்கா வடை குடுத்து விட்டாங்களா?"

இந்திராணி சனிக்கிழமைகளில் அவனுக்கென்று வடை சுட்டு அனுப்புவாள். பல மாதமாக ஆலையில் யாரும் அவளைப் பற்றிப் பேசியதில்லை. திருச்செல்வம் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜெயபாலனின் முழங்கால் மடங்கியது. கைப்பிடியைப் பிடிக்கப் போன கை பிடிக்காமல் வழுக்கியது. நான்கைந்து படி உருண்டு கீழே வந்து விழுந்தான்.

முதலுதவி ஆட்கள் ஓடி வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை பயங்கரமாக இறங்கியிருக்கிறது என்று ஏதோ இனிப்புக் குழம்பை அவன் ஈறில் தடவினார்கள். திருச்செல்வம் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. ஜெயபாலனின் ஒரு காலிலிருந்த சப்பாத்து கழன்று படியில் கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஆம்புலன்சில் ஏறினார்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. புருவத்தில் தையல். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தால் கதை வேறு என்றும் சொன்னார்கள்.

ஜெயபாலனின் மனைவி பிரேமலா வேலையிடத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்தாள். கணவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நாற்காலியில் இருந்த திருச்செல்வத்தின் முன் நின்றாள்.

"நீங்க மேடையில சொன்னதத்தான் அவர் செஞ்சாரு. நான் வேணாம்னேன். 'அண்ணனப் பாரு, ஒரு தொந்தரவும் இல்ல, என்ன விட மூத்தவரு'ன்னாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, மாத்திர போடுறவங்க டாக்டரக் கேட்டுட்டுச் செய்யுங்கன்னு?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாததப் பத்தி ஏன் அண்ணே மைக்கப் புடிச்சீங்க?"

திருச்செல்வம் கையிலிருந்த சப்பாத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜெயபாலன் வீட்டுக்கு வந்த பிறகு திருச்செல்வம் பார்க்கப் போனார். ஜெயபாலன் மாவுக்கட்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்தான். பிரேமலா கணவனுக்கு மட்டும் ஒரு மங்குக் கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "அண்ணனுக்குக் குடிக்க ஏதாவது தண்ணி கலக்கிக் கொண்டா லா" என்றான் அவன். "அவங்கதான் கண்ட நேரத்துல எதுவும் குடிக்க மாட்டாங்களே" என்றாள்.

திருச்செல்வம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் எதையும் செய்யலம்மா. அவ போனதுக்கு அப்புறம் காலையில யாரும் தட்டு வைக்கல. நானா வச்சுக்கணும்னு தோணல. பசியும் இல்ல. ஜெயபாலன்தான் அதுக்கு ஒரு பேர் சொன்னான். எல்லாரும் நல்லதுன்னாங்க. சரின்னு விட்டுட்டேன்."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றாள் பிரேமலா.

"யாரும் கேக்கல."

"எங்ககிட்டக்கூடச் சொல்ல மாட்டீங்களா அண்ணே." அவள் குரலில் கோபம் போயிருக்கவில்லை. ஆனாலும் சமையலறைக்குப் போய், மைலோ கலக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் குடித்தார். சூடாக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஜெயபாலனால் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. பிரேமலாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அதனால் அரசாங்கக் கிளினிக்குக்கு அவனைக் கூட்டிப் போனது திருச்செல்வம்தான். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, அவனை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சமீரா என்ற இளம்பெண். காலையில் பசியாறிய பிறகுதான் மாத்திரை, பத்து மணிக்குக் கொஞ்சம் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று அவனுக்கு விளக்கினாள். பட்டினி முறையை அவள் ஒரேயடியாகத் திட்டவில்லை. சிலருக்கு எடை குறையும், சர்க்கரையும் குறையும், ஆனால் ஆளைப் பார்த்துச் செய்ய வேண்டிய விஷயம் என்றாள். வயதே ஏறாது என்பதற்கு மனிதர்களிடம் இன்னும் சரியான சாட்சி இல்லை என்றும் சொன்னாள்.

"இதோ எங்க அண்ணனுக்கு உடல் வயசு நாப்பத்தெட்டுன்னு மிஷின் சொல்லுச்சு" என்றான் ஜெயபாலன்.

அவள் திருச்செல்வத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மேசையிலிருந்து, கையின் பிடி வலுவை அளக்கும் ஒரு பிடிமானியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "முடிஞ்ச அளவுக்கு இறுக்கிப் புடிங்க அங்கிள்."

பிடித்தார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி பிடிக்கச் சொன்னாள். அதே இடம். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள். மூன்றாவது தடவை அவருக்குத் தொடை நடுங்கியது. அது அவருக்கே புதிதாக இருந்தது.

"கொழுப்பு மட்டும் போகல அங்கிள், சதையும் போயிருக்கு. இந்த வயசுல சதை போனா லேசுல திரும்பி வராது. பிடிமானம் போகும், வழுக்கி விழுந்தா எலும்பு உடையும். வீட்டுல யார் சமைக்கிறா?"

"யாரும் இல்ல."

"பசி வந்தா என்ன செய்வீங்க?"

"பசி வர்றதில்லம்மா. என் வீட்டுக்காரம்மா போனதுலேர்ந்து."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "நாங்க நோன்பு வைக்கிறோம் அங்கிள். சாயங்காலம் ஆனா பசி எங்களுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சுதான் பொறுத்துக்கிறோம். உங்களுக்குப் பசியே வரலன்னா அது வேற. அதுக்கு ஒருத்தர்கிட்டப் பேசணும்." மாடியில் இருந்த மனநல ஆலோசகரிடம் அவளே நேரம் வாங்கிக் கொடுத்தாள். ஜெயபாலன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை திருச்செல்வம் கேண்டீனில் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, சுவரிலிருந்த தன் படத்தைக் கழற்றினார். மனிதவளப் பிரிவுப் பெண் வந்து காரணம் கேட்டாள். "இது தப்பான படம்" என்றார். அவள் புரியாமல் பார்த்தாள். ஜெயபாலன் விழுந்ததையும், தான் எப்படி இளைத்தார் என்பதையும் அவளிடம் சொன்னார். சுற்றி இருந்த மேசைகளிலும் சிலர் காது கொடுத்துக் கேட்டார்கள்.

ஆலோசகரிடம் போனார். முதல் தடவை கிடங்கு வேலையைப் பற்றி மட்டும் பேசினார். அடுத்த தடவை இந்திராணியின் பெயரைச் சொன்னார். அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார் ஆலோசகர். பிரவீனாவிடமும் சொன்னார். அவள் போனில், "நான் சட்டை வாங்கிக் குடுத்தேனேப்பா" என்றாள். இப்போது அவள் புதன்கிழமையும் வந்து போகிறாள். வேலை முடிந்து எல்லை தாண்டி வருவதற்கே இரவாகிவிடுகிறது. வேண்டாம் என்று அவர் சொல்வதில்லை.

காலையில் இரண்டு முட்டை அவிக்கிறார். மாத்திரை விழுங்குவது போலத்தான் விழுங்குகிறார். சில நாள் ஒன்று மிஞ்சிவிடுகிறது. எடை கூடவில்லை, குறைவதும் நின்றிருக்கிறது.

மாவுக்கட்டைப் பிரித்து ஜெயபாலன் வேலைக்குத் திரும்பினான். பத்து மணிக்கு அவன் சாப்பிட்டே ஆக வேண்டும். கொதிகலன் பகுதியில் உட்கார இடமில்லை என்று கிடங்குக்கு வந்துவிடுகிறான். பிரேமலா டப்பாவில் கடலை அவித்துக் கொடுத்தனுப்புகிறாள். இரண்டு பேருக்குக் காணும் அளவில் இருக்கிறது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லி அனுப்புவதில்லை.

ஒரு நாள் டப்பாவைக் கவுண்டரில் வைத்து, இருவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். தூரத்தில் எண்ணெய் லாரி ஒன்று பின்னோக்கி வரும் ஓசை கேட்டது.

"எப்படி அண்ணே இருக்கு?" என்றான் ஜெயபாலன்.

திருச்செல்வம் இன்னும் நான்கு கடலையை வாயில் போட்டு மென்றார்.

"உப்புக் கொஞ்சம் கூட" என்றார்.