வெள்ளம் போட்ட கோடு

பவித்ரன், இருபத்து நான்கு வயது, சிங்கப்பூரில் வேலை. அன்று காலை மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில், ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் அவன் அக்கா துளசி. வெள்ளத்தில் இறங்கி நின்றவளை எலிக்காய்ச்சல் ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது.

“வேட்டிய இறுக்கிக் கட்டு மச்சான். நடு ரோட்ல அவுந்துச்சுன்னா துளசி எந்திரிச்சு உக்காந்து சிரிக்கும்லா,” என்றான் அத்தை மகன் தனேஸ்வரன். யாரோ சிரித்துவிட்டு, இருமி மறைத்தார்கள்.

பவித்ரன் ஏதோ நினைவு வந்தவனாய் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான்.

துளசியின் அறையில் வெள்ளைத் துணிகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒன்றாக. மழை வலுத்தால் போதும், ஆற்றோரம் மிஞ்சியிருந்த ரப்பர் மரங்களுக்கிடையே புதுத் துணி ஒன்றைக் கட்டிவிடுவாள். தண்ணீர் ஏறி, இறங்கி, சேற்றால் தன் கோட்டைப் போட்டுவிட்டுப் போகும். அதுதான் அவள் ஓவியம். முதல் துணியில் கோடு முழங்கால் உயரம். கடைசியில் தோள் உயரம். அடுத்த மாதம் ஈப்போவில் கண்காட்சி. “நான் இல்லாட்டியும் அது போவணும் தம்பி,” என்றதுதான் ஆஸ்பத்திரியில் அவள் கடைசிப் பேச்சு.

தாயில்லாத இருவரையும் வளர்த்த சின்னம்மா சரளா கதவருகே வந்து நின்றாள்.

“சின்னம்மா, இந்தத் துணியெல்லாம் ஈப்போவுக்குப் போவுது. பெரிய பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்க. பத்திரமா பாத்துக்குங்க.”

“நீ போய்யா. நான் பாத்துக்கறேன்.”

“கெளம்புற நேரத்துல உள்ள என்னடா?” வெளியே சித்தப்பா சதாசிவம் சத்தம் போட்டார்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகவில்லை. பிணம் எடுத்த வீட்டைக் கழுவிவிடுவது அவர்கள் வேலை.

அவன் திரும்பியபோது வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் வாசனை. வாசலில் கால் கழுவக் குனிந்தவன் நிமிர்ந்தான். கொடியில் அந்தத் துணிகள் வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன.

“லேசுல போவலய்யா,” என்றாள் சின்னம்மா. ப்ளீச் தின்று அவள் விரல்கள் சிவந்திருந்தன. “ஊறப் போட்டு, நாலு பேரு மாத்தி மாத்தித் தேய்ச்சோம். சாவு வூட்டுத் துணிய கழுவாம அனுப்பலாமா? பெரிய ஆளுங்க பாக்கறது வேற. சேறோட குடுத்தா நம்ம புள்ளய என்னா நெனைப்பாங்க?”

அவன் ஒவ்வொரு துணியாகப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கடைசித் துணியை இரண்டு முறை பார்த்தான்.

“இன்னும் கறை இருக்காய்யா?”

“இல்ல சின்னம்மா.”

“அப்ப குளிச்சிட்டு வா. ஒண்ணுமே சாப்புடல நீ.”

அவன் கொல்லைப்பக்கம் போய்ப் போனில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தான். போனை வாயருகே வைத்துப் பேசினான்.

“பவித்ரன் பேசுறேன். நம்ம ஆத்துல வெள்ளம் வந்தப்ப யாராச்சும் போட்டோ எடுத்திருந்தா அனுப்புங்க. எந்த வருஷம்னாலும் பரவால்ல. ஆளுங்க நிக்கிற போட்டோவா இருந்தா நல்லது. அக்கா துணிக்காக, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு பாக்கணும்.”