மன்னிப்புக் கேட்காத கடிதம்

கதவுக் கீல் பட்டறையிலிருந்து எந்த ஆங்கிலக் கடிதம் வெளியே போவதானாலும், எழுதியவர் அதை முதலாளி முன்னால் நின்று தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். தன் கையெழுத்தோடு போகிற வார்த்தை தன் காதில் ஒருமுறை விழுந்தாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

அன்று மகனின் முறை. கப்பலில் போன கீல்கள் துருப்பிடித்துவிட்டன என்று, வாங்கும் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி எழுதியிருந்தான். வயதில் பாதிகூட இராதவன், முதலாளியை வெறும் பெயர் சொல்லி அழைத்திருந்தான். பெட்டிகள் நனைந்தது அவர்கள் கிடங்கில். உலர்ந்த பெட்டிகளாகத்தான் வந்தன என்று அவர்களே கையெழுத்துப் போட்ட ரசீது இங்கே கோப்பில் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அடுத்த ஆர்டர் அதைப் பொறுத்ததாம்.

மகன் தன் பதிலை ஆங்கிலத்தில் கடகடவென்று படித்தான். தமிழில் சொல்லச் சொன்னதும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இங்கிலீஷ்ல மரியாதைக்கு அப்படித்தான்பா எழுதுவாங்க."

"மரியாதைன்னா சொல்றதுக்கு என்ன கூச்சம்? சொல்லு."

"எங்க தவறுக்குத் தாழ்மையோட மன்னிப்பு கேட்டு, உங்க தயவை எதிர்பார்த்து..."

முதலாளி கையை உயர்த்தி நிறுத்தினார். செய்யாத தப்புக்குக் காலில் விழுந்த ஆள் இந்தக் குடும்பத்தில் இல்லை என்றார். கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் மருமகளைக் கூப்பிட்டு, தானே மளமளவென்று சொல்லச் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். முடித்ததும் எழுந்து நின்றாள்.

"பட்டறை வழக்கம் மாமா. இதையும் சொல்லிக் காட்டிடறேன்."

கண் தெரியாதவனையெல்லாம் கொள்முதலுக்கு உட்காரவைத்தால் இப்படித்தான் என்று தொடங்கி, எங்கள் சரக்கைத் தொட உனக்கு யோக்கியதை உண்டா என்பதுவரை நிதானமாகச் சொன்னாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பவன் பேச்சு அது. அவருக்கே காது சுட்டது.

"அவரு கெஞ்சுறாரு, நீங்க மல்லுக்கு நிக்கிறீங்க. ரெண்டும் நம்ம வீட்டுப் பேச்சு இல்ல மாமா."

அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் மறுபடி உட்கார்ந்தாள். இம்முறை மிஸ்டர் போட்டு அதிகாரியின் முழுப்பெயர். கீழே நாலே வரி; அதையும் தமிழில் சொல்லிக் காட்டினாள். உங்கள் கையெழுத்திட்ட ரசீதை இணைத்திருக்கிறோம். துருவுக்கு நாங்கள் பொறுப்பில்லை. புதிய கீல்கள் தேவையென்றால் வழக்கமான விலைக்கு அனுப்புகிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

வருந்துகிறோம் என்று ஒரே ஒரு வார்த்தையாவது சேர்க்கலாமே என்றான் மகன்.

"நனைய விட்டது அவன். வருத்தமும் அவனே படட்டும்," என்று முதலாளி கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் பதில் வந்தது. ஆர்டர் பாதியாகக் குறைந்திருந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகன் முகம் தொங்கிப்போயிற்று. பாதிக்கான தகட்டை இன்றைக்கே வெட்டச் சொல்லிவிட்டு, முதலாளி நிமிர்ந்த முதுகோடு பட்டறைக்குள் நடந்தார்.